வான்வழியும் இருப்புப்பாதையும்: கட்டுப்பாட்டுப் பணியில் பெண்கள் நிலைப்பதும் விலகுவதும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் அந்தத் தூரத்தை மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். அந்த மூன்று நிமிடமும் அது எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று சொல்பவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய வான்தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் வானம் சென்னை மண்டலத்துக்குள் வருகிறது.

அதே மாவட்டத்தின் தரையில் இன்னொரு கட்டுப்பாட்டுப் பணி இரவும் பகலும் நடக்கிறது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளுக்கு ரயில் பாதைகள் பிரிகின்றன: செங்கல்பட்டு, கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. இந்தப் பாதைகளில் ஓடும் ரயில்களைப் பிரிவுக் கட்டுப்பாட்டாளர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் நடத்துகிறார்கள். ஒன்று வானம், மற்றது இருப்புப்பாதை என்றாலும் பணியின் இயல்பு ஒன்றுதான். நகரும் ஊர்திகளுக்கிடையே இடைவெளி காக்க வேண்டும், சொல்லில் பிழை வரக்கூடாது, நாற்காலி ஒரு நிமிடமும் காலியாக இருக்கக்கூடாது. ஆகவே இப்பணிகளில் ஆணும் பெண்ணும் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள், யார் எதனால் விலகுகிறார்கள் என்ற கேள்வியை இரண்டையும் சேர்த்து வைத்தே ஆராயலாம்.

பணியின் இயல்பு

வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு மூன்று படிகளாக நடக்கிறது. ஓடுபாதையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கோபுரக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்கிறது. ஏறும், இறங்கும் விமானங்களை அணுகல் கட்டுப்பாடு கவனிக்கிறது. உயரே நெடுந்தூரம் பறப்பவை பகுதிக் கட்டுப்பாட்டின் பொறுப்பு. கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறி உண்டு. அதன் அருகே அழைப்புப் பெயரும் உயரமும் வேகமும் தெரியும். உயரே இரு விமானங்களுக்கு இடையே செங்குத்தாக 1,000 அடி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரேடார் கண்காணிப்பில் பக்கவாட்டில் 5 கடல்மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, ஓர் எண் மாறியிருந்தாலும் உடனே திருத்துவதும் கட்டுப்பாட்டாளரின் கடமையே. பரபரப்பான நேரத்தில் ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் காத்திருக்கும்போதும் இந்த ஒழுங்கு குலையக்கூடாது.

திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ரயில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு வழிநிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்தோடு பேசி, ரயிலை அனுப்புவதற்கான லைன் கிளியர் என்னும் அனுமதியைப் பெறுகிறார். லெவல் கிராசிங் கேட்மேனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட் மூடியதை உறுதிசெய்கிறார். அதற்கு அடையாளமாக கேட்மேன் சொல்லும் பிரைவேட் நம்பரைப் பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு பேனலிலிருந்து ரயிலுக்குச் சிக்னல் தருகிறார். ரயில் கடக்கும்போது வெளியே வந்து நின்று, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வருகிறதா என்று பார்க்கிறார். அந்த விளக்கைக் கண்ட பிறகுதான் ரயில் முழுதாக வந்து சேர்ந்தது என்று அடுத்தவருக்குச் சொல்ல முடியும். இதில் உடல் வலிமைக்கு வேலையில்லை. கவனம், நினைவாற்றல், தெளிவான குரல், பதற்றமில்லாத முடிவு ஆகியவைதான் தேவை. இவற்றில் எதுவும் ஆணுக்கு மட்டும் உரியதல்ல.

நுழைவாயில்

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தேர்ந்தெடுக்கிறது. 1995 ஏப்ரல் 1 அன்று இரண்டு பழைய ஆணையங்களை இணைத்து உருவான நிறுவனம் இது. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்; பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 27. எழுத்துத் தேர்வை அடுத்துக் குரல் தேர்வும் மருத்துவச் சோதனையும் உண்டு. தேர்வானவர்கள் பிரயாக்ராஜில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துப் பயிற்சிக் கல்லூரியிலும் ஆணையத்தின் பிற பயிற்சி மையங்களிலும் பயிற்சி பெறுகிறார்கள். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவிக்கும் விழுப்புரத்தில் பொறியியல் படிக்கும் மாணவிக்கும் இந்த வாயில் திறந்தே இருக்கிறது. வினாத்தாளும் மதிப்பெண்ணும் ஆண், பெண் பார்ப்பதில்லை. வேறுபாடு தொடங்குவது உள்ளே நுழைந்த பிறகுதான்.

வேலையும் வேலைச்சூழலும்

பணி மனப்பான்மை என்பது ஒருவர் தன் வேலையைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீடு. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. 1959-இல் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் தன் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட நூல் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. வேலையின் சவால், சாதனை, பொறுப்பு, பாராட்டு ஆகியவை மனநிறைவைத் தருகின்றன. நிர்வாகக் கொள்கை, மேற்பார்வை, ஊதியம், பணியிட நிலைமை ஆகியவை சரியில்லை என்றால் மனக்குறை உண்டாகிறது. முதல் பகுதி நிறைவாக இருப்பதனால் இரண்டாவதில் உள்ள குறை மறைந்துவிடாது. வேலையை மிகவும் நேசிக்கும் ஒருவரே அதை விட்டுப் போகவும் கூடும்.

கட்டுப்பாட்டுப் பணிக்கு இந்தப் பிரிப்பு மிகவும் பொருந்துகிறது. திரையின் முன் உட்காரும் வேலை திறமை உள்ளவர்களை ஈர்க்கும். ஒவ்வொரு பணிமுறையின் முடிவிலும் தன் கைவழியே எத்தனை விமானங்கள் பத்திரமாகப் போயின என்பது அவருக்கே தெரியும். மனக்குறை பெரும்பாலும் திரைக்கு வெளியே இருந்துதான் வருகிறது: சுழற்சிமுறை இரவுப்பணி, இடமாற்றம், விடுப்பு கிடைக்காமை, மேலதிகாரியின் போக்கு. இந்தக் குறைகள் ஆண்களுக்கும் உண்டு. ஆனால் அவை பெண்ணின் மேல் விழும் கனம் வேறு.

பணிவிலகலின் வகைகள்

பணிவிலகல் என்றதும் ராஜினாமாக் கடிதம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது பல வடிவங்களில் நடக்கிறது. பயிற்சியிலேயே சிலர் நின்றுவிடுகிறார்கள். தகுதிச்சான்று பெறும் கட்டத்தில் சிலர் தடுமாறுகிறார்கள். சிலர் முழுதாக ராஜினாமா செய்கிறார்கள். இன்னும் சிலர் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, திட்டமிடல், பயிற்சி, நிர்வாகம் போன்ற பகல்நேர அலுவல்களுக்கு மாறிவிடுகிறார்கள். இந்தக் கடைசி வகை எந்த விலகல் கணக்கிலும் சேராது. அவர் சம்பளப் பட்டியலில் இருப்பார். மேசையில் இருக்க மாட்டார். அந்த மாற்றம் அவர் விரும்பிக் கேட்டதா, வேறு வழியின்றிக் கேட்டதா என்று கோப்பில் யாரும் எழுதி வைப்பதில்லை. பெண்களின் விலகலை அளக்க முயலும் எவரும் இந்த அமைதியான வெளியேற்றத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பாதி உண்மையைத்தான் பார்ப்பார்கள்.

விதியே வெளியேற்றிய காலம்

பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு காலத்தில் விதிகளே அவர்களை வெளியேற்றியது தெரியவரும். சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்து, இந்தியாவின் முதல் பெண் வெளியுறவுப் பணி அதிகாரியான சி.பி. முத்தம்மா 1979-இல் உச்சநீதிமன்றம் சென்றார். வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அன்றைய விதி சொன்னது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தது.

1981-இல் ஏர் இந்தியா நிறுவனத்துக்கும் நர்கேஷ் மீர்சாவுக்கும் இடையிலான வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண் வேலையை இழக்க வேண்டும் என்ற நிறுவன விதியை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்வதைத் தடுத்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பானது. இரவில் பெண்கள் வேலை செய்யலாம், ஆனால் போக்குவரத்தும் பாதுகாப்பும் ஓய்வறையும் தருவது முதலாளியின் பொறுப்பு என்பதே அத்தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் பிறந்த இந்தத் தீர்ப்பு இரவுப்பணி உள்ள ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடம். உரிமை தந்தால் மட்டும் போதாது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் வசதியையும் தர வேண்டும்.

வேறுபாடு எங்கே தோன்றுகிறது

முதல் இடம், இரவுப்பணிக்கு அடுத்த பகல். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மனித உடலின் விழிப்பு மிகவும் தாழும் நேரம். அந்த நேரத்தில் கவனத்தைக் காத்து வேலை செய்தவர் பகலில் தூங்கியாக வேண்டும். தூக்கம் கிடைக்கிறதா என்பது வீட்டைப் பொறுத்தது. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். 2024 ஆய்வில் இவை முறையே 289, 88. அதாவது இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் ஆண் பெரும்பாலும் படுக்கைக்குப் போகிறார்; பெண் அடுப்படிக்குப் போகிறார். ஒரே பணி அட்டவணை இருவருக்கும் ஒரே சோர்வைத் தருவதில்லை. வான்போக்குவரத்துப் பணியில் களைப்பைக் கண்காணிப்பதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2020 நவம்பர் முதல் கட்டாயமாக்கியது. ஆனால் பணிநேரத்தைக் கணக்கிடும் எந்த விதியும் வீட்டு வேலை நேரத்தைக் கணக்கிடுவதில்லை.

இரண்டாவது இடம் மகப்பேறு. இதை நெருங்கிப் பார்க்க வேண்டும். சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் கட்டுப்பாட்டாளர் 34-ஆவது வாரம் முடியும்வரை மேசையில் அமரலாம் என்று சர்வதேச அமைப்பின் மருத்துவத் தரம் சொல்கிறது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதே சர்வதேச அமைப்பின் உரிம விதிப்படி, ஒரு கட்டுப்பாட்டாளர் தன் தகுதியைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் இருந்தால் அத்தகுதி செல்லாததாகிவிடும். அதற்கான காலத்தை அந்தந்த நாடு வகுக்கலாம், ஆனால் அது ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. 26 வாரம் என்பதும் ஆறு மாதம்தான். சட்டம் தந்த விடுப்பை முழுதாக எடுத்துத் திரும்பும் தாய், தன் தகுதி காலாவதியாகும் விளிம்பில் அல்லது அதைத் தாண்டி வந்து நிற்கிறார். மறுபடி பயிற்சி, மறுபடி மதிப்பீடு, அதுவரை மேற்பார்வையில் வேலை. பாதுகாப்புக்கு இந்த விதி அவசியம்; அதைத் தளர்த்தச் சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வருபவருக்கென்று முன்கூட்டியே பயிற்சித் திட்டம் இருக்கிறதா, பாலூட்டும் காலத்தில் இரவுப்பணியிலிருந்து விலக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவர் மேசைக்குத் திரும்புவதும் பகல்நேர அலுவலுக்கு ஒதுங்குவதும் அமைகிறது.

மூன்றாவது இடம் இடமாற்றம். கட்டுப்பாட்டாளரின் தகுதி அவர் வேலை செய்யும் நிலையத்தையும் பிரிவையும் சார்ந்தது. சென்னையில் பெற்ற தகுதியோடு கொல்கத்தாவில் அடுத்த நாளே மேசையில் அமர முடியாது. அந்த வான்வெளியைக் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும். ஆண் மாற்றலாகும்போது குடும்பம் பெரும்பாலும் அவரோடு போகிறது, அல்லது மனைவி ஊரில் இருந்து வீட்டைக் காக்கிறார். பெண் மாற்றலாகும்போது கணவர் வேலையை விட்டு உடன் செல்வது அரிது. கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் முடிந்தவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 2009-இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. கணவர் தனியார் துறையில் இருந்தால் இந்த நெறியால் கிடைக்கும் பயன் குறைவு.

நான்காவது இடம், எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருப்பது. 1977-இல் ரோசபெத் மாஸ் கான்டர் ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து எழுதிய நூல் இதை விளக்குகிறது. ஒரு குழுவில் சுமார் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்கள் தனிமனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை. தம் இனத்தின் மாதிரியாகவே பார்க்கப்படுகிறார்கள். பத்துப் பேர் உள்ள பணிமுறையில் ஒரே பெண் இருந்தால், அவர் செய்யும் சிறு பிழை பெண்களின் பிழையாகிறது. அருகில் உள்ள ஆண் செய்யும் அதே பிழை அவருடைய பிழையாக மட்டும் இருக்கிறது. இந்தக் கூடுதல் கண்காணிப்பைத் தாங்குவதே ஒரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

வழிநிலையத்தின் இரவு

வான்போக்குவரத்து மையத்தில் பலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். வழிநிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் அநேகமாகத் தனியாள். உதவிக்கு ஒரு பாயிண்ட்ஸ்மேன் இருப்பார். இரவு 10 மணிக்குப் பணி ஏற்க வேண்டிய பெண் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ குடியிருந்தால், சிறு நிலையத்துக்கு அந்த நேரத்தில் எப்படிப் போவது என்பதே முதல் கேள்வி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பேருந்து ஓடினால்தான் சலுகைக்குப் பயன். பணியில் அமர்ந்த பிறகு, இரு ரயில்களுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் கழிவறைக்குப் போய் வர வேண்டும். கழிவறை நிலையக் கட்டடத்துக்குள் தாழ்ப்பாளோடு இருக்கிறதா, நடைமேடையின் இருண்ட கோடியில் இருக்கிறதா என்பது ஆணுக்கு வசதிக்குறைவு. பெண்ணுக்கு அது பணியில் நீடிப்பதைத் தீர்மானிக்கும் செய்தி. நீரைக் குறைத்துக் குடித்து எட்டு மணி நேரத்தைக் கழிக்கும் பழக்கம் உடலைக் கெடுக்கிறது. அதனால் வரும் நோய் பிற்காலத்தில் மருத்துவ விடுப்பாகவும் வேலைப் பிரிவு மாற்ற விண்ணப்பமாகவும் வெளிப்படும்போது, காரணம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஆண்களின் விலகல் சொல்வது

1974-இல் அமெரிக்காவின் மத்திய விமான நிர்வாகம், ஆண்கள் நிறைந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஆண்களும் பெண்களும் என்ன காரணங்களால் விலகுகிறார்கள் என்று ஒப்பிட்டு ஆய்வறிக்கை வெளியிட்டது. பெண்கள் விட்டுப் போவார்கள் என்ற எண்ணத்தைக் காட்டி வேலை மறுக்கப்பட்ட காலம் அது. எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுவதோடு நிற்காமல், ஏன் போனார்கள் என்று கேட்டதுதான் அந்த ஆய்வின் சிறப்பு.

அதே நாட்டில் 1981 ஆகஸ்டில் கட்டுப்பாட்டாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. ஊதிய உயர்வோடு வாரத்துக்கு 32 மணி நேர வேலையையும் அது கேட்டது. அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பணிநீக்கம் செய்தார். வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பணிச்சுமை தாங்கவில்லை என்று அவர்கள் வெளியே வந்தபோது, ஆண்கள் இந்த வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று யாரும் முடிவு கட்டவில்லை. பணிநிலைமை பற்றித்தான் பேசினார்கள். பெண் ஒருவர் அதே சுமையால் விலகினால் மட்டும் பேச்சு அவருடைய பாலினத்தின் பக்கம் திரும்புகிறது. ஒரே செயலை இரண்டு அளவுகோல்களால் அளக்கும் இந்தப் பழக்கம் அறிவுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

பெண்கள் நிலைக்க மாட்டார்கள் என்ற எண்ணத்துக்கு இந்திய விமானத்துறையே மறுசான்று தருகிறது. இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 விழுக்காடு. உலகச் சராசரி ஏறத்தாழ 5 விழுக்காடு. விமானியின் வேலையிலும் இரவு உண்டு, ஊர் மாற்றம் உண்டு, கடும் மருத்துவத் தரம் உண்டு. விமான நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்புகின்றன. கர்ப்பகாலத்தில் தரைப்பணி தருகின்றன. வசதி இருக்கும் இடத்தில் பெண்கள் நிலைக்கிறார்கள்.

செய்யத்தக்கவை

செய்ய வேண்டியவற்றில் பெருஞ்செலவு பிடிப்பவை குறைவு. பணியிலிருந்தோ கட்டுப்பாட்டு மேசையிலிருந்தோ விலகும் ஒவ்வொருவரிடமும், ஆண் பெண் வேறுபாடின்றி, காரணம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். மகப்பேறு விடுப்பில் செல்பவருக்குத் திரும்பும் நாளுக்கான பயிற்சித் திட்டத்தை விடுப்பு தொடங்கும்போதே எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இரவுப்பணி அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக அறிவித்தால் குடும்பமும் அதற்கேற்பத் தன் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம்; இரவும் பகலும் இயங்கும் நிறுவனத்தின் காப்பகம் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டால் அந்தச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது. விழுப்புரத்தில் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதி போன்ற பாதுகாப்பான தங்குமிடங்கள் ரயில் சந்திப்புகளுக்கும் விமான நிலையங்களுக்கும் அருகே இன்னும் பல வேண்டும். வழிநிலையங்களில் தாழ்ப்பாளும் தண்ணீரும் விளக்கும் உள்ள கழிவறை, பணி ஏற்கவும் முடிக்கவும் வண்டி வசதி ஆகிய இரண்டும் வேறு எதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை.

கட்டுப்பாட்டாளர் ஒருவரை உருவாக்க மாதக்கணக்கில் பயிற்சியும் பொதுப்பணமும் செலவாகின்றன. அவர் விலகும்போது அந்த முதலீடும் அவர் பெற்ற அனுபவமும் சேர்ந்தே போகின்றன. மேசையில் எஞ்சியிருப்பவர்களின் சுமை கூடுகிறது. அது பயணிகளின் பாதுகாப்பைத் தொடுகிறது. பெண் கட்டுப்பாட்டாளரை நிலைக்கச் செய்வதைச் சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இயற்பியலும் பொறியியலும் படிக்கும் மாணவிகள் இந்தத் தேர்வுகளைத் தயங்காமல் எழுத வேண்டும். அவர்கள் தேர்ச்சி பெற்று வரும்போது, முப்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமரத் தக்க பணியிடத்தை அமைத்து வைத்திருப்பது துறைகளின் கடமை.